இரண்டு படி தாழ்ந்த ஆறு

முதல் பதினான்கு வருஷம் அந்த அம்மாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. கையெழுத்தைத்தான் தெரியும். மாதம் பிறந்து இரண்டாம் தேதி ஒரு பழுப்பு உறை தபாலில் வரும். உள்ளே ஒரே தாள். தேதிக்கு இரண்டு எண்: காலை ஏழு மணிக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, மாலை ஐந்து மணிக்கு எவ்வளவு நின்றது. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. மேலே ‘ஐயா’ என்றோ கீழே ‘பணிவுடன்’ என்றோ ஒரு வார்த்தை கிடையாது. இந்த மனுஷி வீட்டிலாவது வாய் திறந்து பேசுவாரா என்று நான் யோசித்ததுண்டு.

எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஏரி ஒன்று. அதில் வந்து விழும் ஆறுகள் ஐந்து. ஒவ்வோர் ஆறும் ஏரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் அளவுப் பலகை நட்டிருக்கும். வெள்ளைத் தகட்டில் கறுப்புக் கோடும் எண்ணும். பள்ளிக்கூட அடிக்கோலை ஆள் உயரத்துக்கு மேல் நீட்டி ஆற்றில் நிறுத்திய மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எழுத ஆற்றுக்கு ஒருவர். அவர்கள் அனுப்புவதை வாங்கி, ‘இவ்வளவு உயரம் என்றால் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் ஓட்டம்’ என்று அட்டவணைப்படி மாற்றிப் பதிவேட்டில் ஏற்றுகிற எழுத்தர் நான். வருஷக் கடைசியில் ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு எண்ணைச் சிவப்பு மையால் சுழிப்பேன்: அந்த வருஷத்தின் மிகப் பெரிய ஓட்டம், மிகச் சிறிய ஓட்டம். ஆற்றின் கோபமும் ஆற்றின் பட்டினியும் என் கையில்தான் இருக்கிறது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். “மத்த முந்நூத்து அறுபத்து மூணு நாளும் உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மற்ற நான்கு ஆற்றுக்காரர்களும் சாதாரண மனிதர்கள். கல்யாணத்துக்குப் போவார்கள், காய்ச்சலில் படுப்பார்கள், அந்த நாட்களில் கட்டம் காலியாக வரும். சில பேர் காலியாக விட மனம் வராமல் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதி அனுப்புவார்கள். ஒரு மகானுபாவர் ஒரு மாதம் முழுக்க ஆற்றை அசையாமல் நிறுத்திவைத்திருந்தார். இந்த அம்மாவின் தாளில் மட்டும் காலிக் கட்டமே கிடையாது. புருஷன் இறந்த அன்றும் ஏழு மணி இருந்தது, ஐந்து மணியும் இருந்தது. இறந்த செய்தியே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். எழுத்து நடுங்கக்கூட இல்லை. அதிலிருந்து எங்கள் பிரிவில் அவருக்கு ‘ஏழுமணி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

பதினைந்தாம் வருஷம் ஒரு நாள் அந்த ஏழுமணி நேரிலேயே வந்து என் மேஜை முன்னால் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கையில் மடித்த குடை, முகத்தில் சிரிப்புமில்லை சிடுசிடுப்புமில்லை.

“சார், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா? மழை நாள்ல முழங்கால் அளவு சேறு.”

“பூட்ஸ் நிரந்தர ஊழியருக்குத்தாம்மா. நீங்க பகுதிநேரம்.”

“தண்ணி முழுநேரம் வருதே சார்.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பூட்ஸ் தரவில்லை, விதியில் இடமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு நாள் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை என் பழைய பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். பாலத்தடியில் ஒரே அறையும் சமையலறையும் கொண்ட வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஜன்னல் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். வாசலிலிருந்து ஆற்றுக்கு முப்பத்திரண்டு கல் படிகள், அதன் காலடியில் பலகை. பூட்ஸ் அவருக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. உள்ளே பழந்துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, “இது போதும்” என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் அதைப் பார்த்து, “அம்மா, தீயணைப்பு வண்டி எங்க?” என்று கேட்டான். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரித்த நாள் எனக்கு அது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் வருஷம் பெருவெள்ளம். ஐந்து ஆற்றிலும் பலகைகள் பெயர்ந்து போயின. மற்ற நான்கு பேரும், ‘பலகை இல்லை, அளவு இல்லை’ என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு வீட்டில் படுத்தார்கள். இந்த அம்மா தண்ணீர் இறங்கிய அன்றே கீழ்க்கரைச் சேற்றில் தகடுகளைத் தேடிப் பொறுக்கினார். பாலத்தில் வேலை செய்த கொத்தனாரைக் கூப்பிட்டுப் புதுக் கம்பம் நட்டுத் தகடுகளை மாட்டினார். பழைய கம்பத்தின் அடி வண்டலுக்குள் புதைந்து போயிருந்தது, தோண்டினால் கல். வேறு வழியில்லாமல் பூஜ்யத்தை வண்டலின் மேலே வைத்தார். மாலை ஐந்து மணிக்கு அளவு எடுத்தார். எடுத்த கையோடு எனக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். வாழ்நாளில் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது:

‘பலகை வெள்ளத்தில் போய்விட்டது. நானே திரும்ப நட்டிருக்கிறேன். காலிக் கட்டம் இல்லை. ஆனால் பழைய மட்டம் இல்லை. மேலிருந்து ஒன்பதாம் படியில் தண்ணீர் நின்றால் முன்பு நாலு எண்பது காட்டும். இப்போது ஏழாம் படிக்கு ஏறினால்தான் நாலு எண்பது. இரண்டு படி குறைத்துக் காட்டுகிறது, அதாவது நாற்பது சென்டிமீட்டர். ஆள் அனுப்பிச் சரிபார்க்கவும். அதுவரை நாற்பது சேர்த்துக்கொள்ளவும்.’

இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது. அட்டையில் வரவு முத்திரை குத்தினேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், கோப்பில் வைத்தேன். அலுவலகத்தில் மட்டம் பார்க்கும் கருவி ஒன்று, சர்வேயர் ஒருவர். பலகையே இல்லாத நான்கு ஆற்றுக்கு அவர் முதலில் போனார். ‘ஏழுமணிக்கு என்ன அவசரம், அங்கேதான் அளவு வந்துகொண்டிருக்கிறதே’ என்று நான்தான் சொன்னேன். அடுத்த இரண்டு மாதம் தாளின் ஓரத்தில் சிவப்பில் ‘+40’ என்று எழுதி வந்தது. எனக்கு எரிச்சல். ‘தாளில் அளவைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது’ என்று மெமோ அனுப்பினேன். மூன்றாம் மாதம் ஓரம் சுத்தமாக வந்தது.

வருஷக் கடைசியில் ஒரு படிவம் போகும். ஆற்றுக்கு ஒரு கட்டம்: ‘பலகையின் பூஜ்யம் சரிபார்க்கப்பட்டதா?’ நான்குக்கு ஆம். ஐந்தாவதற்கு இல்லை என்று எழுதினால் அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டும், அதற்கு மேலிடத்திலிருந்து ஒரு பக்கம் கேள்வி வரும். டிக் அடித்தேன். ஒரு நொடி வேலை. அப்புறம் அதை மறந்தும் போனேன். நான் சேர்த்துக்கொள்வேன் என்று அவர் இருந்தார், சர்வேயர் என்றைக்காவது போவார் என்று நான் இருந்தேன், சர்வேயர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார்.

பத்து வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்காரப் பெண் வந்தார். ஐந்து ஆறுகளின் பெருவெள்ளமும் கடும் வறட்சியும் இத்தனை வருஷத்தில் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க வேண்டுமாம். நான் சிவப்பில் சுழித்த எண்களைக் கேட்டு ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. தலைகால் புரியவில்லை எனக்கு. மூன்று வாரம் எங்கள் பழைய பீரோக்களின் தூசியை அவர் ஒருவரே தின்று தீர்த்தார். கடைசியில் ஐந்து கோடு போட்ட ஒரு தாளைக் காட்டினார். நான்கு ஆற்றில் பெருவெள்ளக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஏழுமணியின் ஆற்றில் மட்டும் இறங்கியிருந்தது.

“ஒரே மலையில பெய்ற மழை சார். இது மட்டும் ஏன் இறங்குது? அந்தப் பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் திடீர்னு ஒரு படி இறங்கின மாதிரி இருக்கு. அந்த வருஷம் பலகையில ஏதாவது மாத்தினாங்களா?”

புத்திசாலிப் பெண். விரலை வைத்த இடம் அதேதான். நான் படிவத்தை எடுத்து டிக்கைக் காட்டினேன். “எல்லாம் சரிபார்த்தாச்சும்மா. காலிக் கட்டமே இல்லாத ஒரே பதிவு இதுதான். இதை நம்பலேன்னா எதையும் நம்ப முடியாது” என்றேன். சத்தியமாக அப்போது எனக்கு அட்டை ஞாபகத்தில் இல்லை. பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்ன பொய். அதை வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்து சொன்ன பொய் பின்னால் வருகிறது.

அறிக்கை வந்தது. ஏரியைச் சுற்றி வீடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வெள்ளம் குறைந்துவரும் ஆறு ஒன்று இருக்கிறது என்றால் வேறெங்கே போவார்கள்? அதன் முகத்துவாரத்தில், தாழ்வான கரையில், இடுப்புயர மண்கரை ஒன்றைப் போட்டு, இருநூறு வீடுகள் கட்டினார்கள். ஏரிக்கரைக் குடியிருப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வருஷம் ஏழுமணி மறுபடி வந்தார். முன்நெற்றியில் நரை. அதே குடையா தெரியவில்லை.

“சார், என் பையனுக்கு ஏரிக்கரைக் குடியிருப்புல வீடு கிடைச்சிருக்கு.”

“நல்ல விஷயம்தானே. வெறுங்கையோட வந்திருக்கீங்க, ஸ்வீட் எங்க?”

அவர் ஒரு விளம்பரத் தாளை மேஜைமேல் வைத்தார். “நம்ம ஆறு வருஷா வருஷம் இறங்குதுன்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சு ஏறிக்கிட்டுதான் வருது. முன்னெல்லாம் ஒன்பதாம் படி தொட்டாலே ஊரே வேடிக்கை பார்க்க வரும். இப்ப ஏழாம் படிக்கு வருஷம் தவறாம வருது. அந்த நாற்பதைச் சேர்த்துத்தான போட்டிருக்காங்க?”

“எந்த நாற்பது?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“நீங்க சேர்க்கலையா?” என்றார்.

“ஃபைலைப் பார்த்துச் சொல்றேம்மா.”

கோப்பு என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருந்தது. ஓய்வுபெற எனக்குப் பத்தொன்பது மாதம் இருந்தது. நான்கு மாதம், ‘பார்க்கிறேன்’ என்றே ஓட்டினேன். அதற்குள் மகன் மனைவியோடும் குழந்தையோடும் புது வீட்டில் குடியேறிவிட்டான். வெல்டிங் பட்டறையில் வேலை, நாலு வயதுப் பெண் குழந்தை, எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். தையல்காரருக்கும் இரண்டு பெண்கள். மூன்று குழந்தைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தார்கள். இதெல்லாம் அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வார். சொல்லிவிட்டு, “பார்த்தீங்களா சார்?” என்று கேட்பார். அவர் தொலைவில் வரும்போதே நான் கேண்டீனுக்குப் போக ஆரம்பித்தேன்.

கடைசியில் பொறியாளருக்கே நேராக எழுதிப்போட்டார். பொறியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“நாற்பது சென்டிமீட்டர்னு எதை வெச்சுச் சொல்றீங்க? பழைய கம்பமே இல்ல. ஏதாவது ரெக்கார்டு இருக்கா?”

“அன்னிக்கே கார்டு போட்டேன் சார்.”

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். “வந்துதா?”

“பார்த்த ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

இதுதான் நான் சொன்ன அந்தப் பொய். அட்டை முதல் நாள் சாயங்காலமே என் சட்டைப்பையில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதன் மேல் என் முத்திரை, என் தேதி, என் கையெழுத்து. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பலகையைப் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பொறியாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு பிழை இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று காகிதம் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, அந்த அம்மாவின் முப்பத்தொரு வருஷத்துக்கும், பழைய கம்பத்தின் பத்தொன்பது நல்ல வருஷங்கள் உட்பட, ‘நம்பகமற்றது, பயன்படுத்த வேண்டாம்’ என்று குத்திவிட்டார். வெள்ள எச்சரிக்கைப் பட்டியலிலிருந்தும் அந்த நிலையம் போனது. அறிக்கையைத் திருத்தவில்லை, வீடுகளில் ஆள் குடியேறியாயிற்றே. முத்திரையைக் குத்தியது நான்தான், அது பிரிவு எழுத்தரின் வேலை. முந்நூற்றுச் சொச்சம் தாள். இரண்டு நாள் கை வலித்தது. அம்மாவோ வழக்கம்போல் ஏழு மணிக்கும் ஐந்து மணிக்கும் படியிறங்கி எழுதி, இரண்டாம் தேதி உறையை அனுப்பிக்கொண்டிருந்தார். பிரிக்காமல் அடுக்கினேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் மலைப்பக்கம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. வெள்ளக் கண்காணிப்பு அறையில் அன்று எனக்குப் பணி. பகல் ஒரு மணிக்குத் தொலைபேசி.

“சார், நான் பாலத்தடியிலேருந்து. பலகை அஞ்சு காட்டுது. நிஜத்துல அஞ்சு நாற்பது. ஆறாம் படி முழுகியாச்சு. குடியிருப்புல சங்கு ஊதச் சொல்லுங்க.”

அஞ்சு இருபது தாண்டினால் சங்கு ஊதி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி.

“உங்க நிலையம் பட்டியல்லயே இல்லம்மா. நான் எங்க எழுதுறது?”

“எங்கயும் எழுத வேண்டாம். ஊதச் சொல்லுங்க.”

பணியிலிருந்த உதவிப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். “அந்த நம்பகமில்லாத பலகையா? ஏரி மட்டம் சாதாரணமாத்தான இருக்கு. சும்மா ஊதிட்டு நாளைக்கு யார் பதில் சொல்றது?” என்றார். அட்டை என்னிடம் இருக்கிறது, அவர் சொல்வது சரி என்ற ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஐந்து மாதத்தில் ஓய்வு. வாயை மூடிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேல் போவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு முழத்துக்குத்தான் இத்தனை அலுவலகமும் இத்தனை பேருக்குச் சம்பளமும் என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு நடந்ததை விசாரணையில் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையிலேயே அம்மா மகனைப் போனில் கூப்பிட்டு வீட்டைவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். “அம்மா, உன் கணக்கு தப்புன்னு ஆபீஸ்லயே முத்திரை குத்திட்டாங்க. மழைன்னா நீ இப்படித்தான் பதறுவ” என்று மகன் வைத்துவிட்டான். என்னோடு பேசி முடித்ததும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவை எண் எதுவும் சொல்லவில்லை.

“படியில விழுந்துட்டேண்டா. கால் அசைக்க முடியல. தண்ணி ஏறிக்கிட்டு வருது. அவளையும் கூட்டிட்டு வா, ஒருத்தரால தூக்க முடியாது. குழந்தையத் தனியா விட்டுட்டு வராத.”

முப்பத்திரண்டு வருஷம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனுஷி. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அரை மணியில் மூன்று பேரும் ஒரே வண்டியில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகன் கத்தித் தீர்த்தான். திரும்பிப் போகிறேன் என்றான். அவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடவே இல்லை.

சாயங்காலம் நாலு இருபதுக்கு, நல்ல வெளிச்சத்தில், குடியிருப்பின் மண்கரை உடைந்தது. அன்றைக்குக் கடைசிவரை சங்கு ஊதவில்லை. ஒன்பது பேர் போனார்கள். தையல்காரரும் அவருடைய இரண்டு பெண்களும் அதில் உண்டு. அவர் மனைவி வேலைக்குப் போயிருந்ததால் மிஞ்சினார்.

விசாரணையில் அட்டையைக் கொடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்கு ஏதோ தண்டனை கொடுத்தார்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதே ஆய்வுக்காரப் பெண் வந்து, அட்டையில் சொன்ன நாற்பதைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி போட்டார். ஐந்து கோடுகளில் மிகச் செங்குத்தாக ஏறிய கோடு எங்கள் ஏழுமணியின் ஆறுதான். அந்தப் பெண் தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மூன்று மாதம் எனக்குப் பாலத்தடிக்குப் போகத் தைரியம் இல்லை. ஒரு மத்தியானம் போனேன். ஆறு கணுக்காலளவு, எதுவும் தெரியாத மாதிரி கிடந்தது. அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தார்.

“கார்டு என்கிட்டதாம்மா இருந்துச்சு” என்றேன்.

“தெரியும் சார். அன்னிக்கு உங்க முகத்துலயே இருந்துது.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நான் சொல்லி யார் நம்பப்போறாங்க? உங்க முத்திரைதான பேசும்.”

டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. மகன் வருகிறானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மாமனார் வீட்டோடு போய்விட்டானாம். குழந்தையை மட்டும் மாதம் ஒரு தடவை மருமகள் அழைத்து வந்து காட்டுகிறாளாம்.

“போறப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டான் சார். ‘எனக்குச் சொன்ன பொய்ய அவருக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாமேம்மா’ன்னு. தையல்காரர் நம்பர் என்கிட்ட இருந்துது. குழந்தைக்குக் கவுன் தைக்க அளவு சொல்றதுக்கு வாங்கி வெச்சிருந்தேன். அவர் பொண்ணுங்க ரெண்டும் என்னை ‘பாட்டி’ன்னுதான் கூப்பிடும். ஆனா தோணல சார். சத்தியமா தோணவே இல்ல. என் பிள்ளை, என் பேத்தி, அதோட நின்னுபோச்சு என் மனசு.”

“நீங்க என்கிட்டச் சொன்னீங்களேம்மா. நான்தான்…”

“உங்களுக்கு அங்க யாரையும் தெரியாது சார். எனக்குத் தெரியும்.”

என்னைத் தப்பிக்கவிடுகிறாரா, இல்லை என்னைவிடக் கீழே தன்னை வைத்துக்கொள்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் அதைத் தாங்க என்னால் முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

“நாலு மணிக்குப் பையன் இதே ஜன்னல்ல நின்னு பார்த்தான். நாலாம் படி முழுகிட்டிருந்துது. பொறந்ததுலேருந்து அவன் அதைப் பார்த்ததில்ல. அப்பத்தான் நம்பினான். உடனே தையல்காரருக்குப் போன் போட்டான், ஸ்பீக்கர்ல. ‘அண்ணே, ஓடுங்க’ன்னு சொல்ல வாயெடுக்குறான், அதுக்குள்ள அவர் முந்திக்கிட்டார். ‘தம்பி, உங்க வீட்டுலதான் நிக்கிறேன். வாசல்ல தண்ணி வருது, ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்திட்டேன், துணியெல்லாம் பரண்ல போட்டுட்டேன், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. மொதல்ல அம்மாவைப் பாருங்க. அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு?’ன்னார். அதோட லைன் போயிடுச்சு.”

ஜன்னல் கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ரெண்டு காலையும் ஊன்றி நின்னுக்கிட்டுதான் சார் அதைக் கேட்டேன்.”